பதினான்கு மீட்டர் தள்ளி

முந்நூறு மணி நேரத்தில் இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு முடிந்துவிட்டது. பாக்கி ஆறே ஆறு.

சமையலறைக் கதவின் பின்பக்கம் அக்கா ஒட்டி வைத்திருந்த தாளில் சின்னவள் நேற்றைய கட்டத்தை அடித்தாள். பேனா மக்கர் செய்தது. இரண்டு முறை உதறி, மறுபடி அடித்தாள்.

"கிழிச்சிடாதே," என்றாள் அக்கா, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே. "அதை நான் பத்திரமா வச்சுக்கப் போறேன்."

"எதுக்குக்கா, ஃபிரேம் போடவா?"

"ஆமா. நீ கலெக்டர் ஆனதும் மாட்டிக்கலாம்."

'கலெக்டர்' என்பது அத்தான் வைத்த பேர். முழுப் பேர் 'கல்லறைக் கலெக்டர்'. மரபுவள மேலாண்மை என்று ஒரு படிப்பு இருப்பதே அத்தானுக்கு இவள் சொல்லித்தான் தெரியும். பழைய கட்டடம், பழைய கிணறு, பழைய இடுகாடு, இதில் எதை இடிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று அளந்து எழுதிக் கொடுக்கிற வேலை. "அப்ப இடிக்கிறதுக்கு நான், இடிக்காதேன்னு சொல்ல நீ. ஒரே வீட்டுல ரெண்டு பேரும் பொழைச்சுக்கலாம்," என்று போன வாரம் அவர் சொன்னபோது மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

சிரிப்பதற்குக் காரணம் இருந்தது. பதினோரு வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்த அத்தானுக்குப் போன வாரம்தான் வேலை கிடைத்தது. மண் அள்ளும் மெஷின் ஓட்டுகிற வேலை. வேலை நடக்கும் இடம், சின்னவள் பயிற்சி மாணவியாக அளந்து முடித்த அதே பழைய மனநல மருத்துவமனைத் தோட்டம். அங்கே பேருந்து நிலையம் வரப்போகிறது.

அதே வாரம்தான் கல்லூரியிலிருந்து அந்தக் கடிதமும் வந்தது. பயிற்சி முடித்த படிவம், மேற்பார்வையாளர் கையெழுத்தோடு, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கல்லூரியில் சேர வேண்டும். சேராவிட்டால் படிப்பு முடியாததாகக் கருதப்படும். படிப்பு முடியாவிட்டால், மாதக் கடைசியோடு அவள் இந்த நாட்டில் தங்கும் அனுமதியும் முடிந்தது.

இன்று வெள்ளிக்கிழமை.

அத்தான் தலைக்கவசத்தைக் கையில் மாட்டிக்கொண்டு வந்தார். ரொட்டித் துண்டை நின்றபடியே வாயில் திணித்தார்.

"உக்காந்து தின்னா என்ன, குடியா முழுகிடும்?" என்றாள் அக்கா.

"இன்னைக்குக் கிழக்குப் பக்கம் ஆரம்பிக்கணும். ஃபோர்மேன் எனக்கு முன்னாடியே வந்து கடிகாரத்தைப் பாத்துட்டு நிப்பான்." சின்னவள் பக்கம் திரும்பினார். "நம்ம கலெக்டர் கயிறு கட்டி வச்ச பக்கம் மட்டும் போகக்கூடாது. மத்த இடமெல்லாம் எனக்கு மெத்தை மாதிரி. கண்ணை மூடிட்டு அள்ளலாம்."

"கண்ணைத் திறந்தே அள்ளுங்க அத்தான்."

"உன் கயிறு இருக்கும்போது எனக்கு எதுக்குக் கண்ணு?"

கதவு சாத்திய பிறகும் அவர் சிரிப்பு சமையலறையிலேயே கொஞ்ச நேரம் நின்றது.

*

மரபுவள அலுவலகம் ஒரு தபால் நிலையத்தின் மேல்மாடியில் இருந்தது. நான்கு மேசை, மூன்று நாற்காலி. ஜன்னலை ஒட்டிய அலமாரி முழுக்க அட்டைப் பெட்டிகள். பெட்டிக்குள்ளே உடைந்த ஓடு, துருப்பிடித்த ஆணி, பாட்டில் மூடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு சீட்டு.

சின்னவளின் கடைசி நாள் வேலை சுலபமானது. கள நோட்டில் இருப்பதை இறுதி அறிக்கையில் ஏற்ற வேண்டும், புகைப்படங்களை வரிசையாக ஒட்ட வேண்டும். நான்கு மணிக்கு மேற்பார்வையாளரிடம் கையெழுத்து. நான்கரைக்குக் கல்லூரி. அக்கா நேற்று ராத்திரி பேருந்து நேரம்கூடப் பார்த்து வைத்துவிட்டாள்.

மருத்துவமனைத் தோட்டத்தில் ஒரு காலத்தில் நோயாளிகளைப் புதைத்திருக்கிறார்கள். கல் இல்லை, பேர் இல்லை. ஒரு இரும்புக் கம்பி, அதன் தலையில் எண் அடித்த வட்டத் தகடு. அவ்வளவுதான். பழைய பதிவேட்டில் முப்பத்தொரு எண்கள் இருந்தன. அவற்றைச் சின்னவள்தான் தட்டச்சு செய்தாள். ஒன்பது, பெண், பிள்ளைப்பேறு. பதினாறு, ஆண், காய்ச்சல். இருபத்திரண்டு, ஆண், சலவை அறையில் வேலை, பேச்சு இல்லை. யாருக்கும் பேர் எழுதப்படவில்லை. தட்டச்சு செய்து செய்து அவர்கள் எல்லோரும் அவளுக்கு மனப்பாடம்.

காலப்போக்கில் கம்பிகள் மண்ணுக்குள் போய்விட்டன. மேலே வெறும் புல். எங்கே புதைத்தார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு வழிதான். நீளமான எஃகுக் கம்பியை மீட்டருக்கு ஒரு முறை மண்ணில் அழுத்த வேண்டும். தோண்டாத மண் கம்பியைத் தடுக்கும். எப்போதோ தோண்டி மூடிய மண் இளகியிருக்கும், கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கும். மூன்று நாள் மழையில் சின்னவள் அழுத்தினாள். முப்பத்தொரு இடத்தில் கம்பி இறங்கியது. தோட்டத்து எல்லையின் மூலைக்கல்லிலிருந்து ஒவ்வொன்றும் எத்தனை மீட்டர் என்று எழுதி வரைபடம் போட்டாள். அந்த வரைபடத்தை வைத்துத்தான் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் மூலைக்கல்லிலிருந்து அளந்து கயிறு கட்டினார்கள்.

பத்தரை மணிக்கு ஏழாவது புகைப்படத்தை ஒட்டும்போது அவள் கை நின்றது.

படத்தில் அவள் ரப்பர் பூட்ஸ். பக்கத்தில் அளவு நாடாவின் முனை. முனை மாட்டியிருந்தது ஒரு மர முளையில். முளையின் தலையில் சிவப்புச் சாயம்.

மூலைக்கல் சிமென்ட்டில் செய்தது. வெள்ளை நிறம்.

எட்டாவது படத்தை எடுத்தாள். ஒன்பதாவது. எல்லாவற்றிலும் அதே சிவப்பு. சாலை அளக்க வந்தவர்கள் அடித்துவிட்டுப் போன முளை அது. அந்த மூன்று நாளும் புல் முழங்கால் உயரம், மழை கண்ணை மறைத்தது, முதல் நாள் தட்டுப்பட்ட முளையில் நாடாவை மாட்டியவள் மூன்று நாளும் அதிலேயே மாட்டியிருக்கிறாள். நோட்டில் மட்டும் 'மூலைக்கல்லிலிருந்து' என்று அழகாக எழுதியிருக்கிறாள்.

சாலைக்காரர்களின் வரைபடத்தைத் தேடி எடுத்தாள். மூலைக்கல்லிலிருந்து சிவப்பு முளை பதினான்கு மீட்டர் தள்ளி இருந்தது. கிழக்கே.

அப்படியானால் கயிறு கட்டிய இடத்தில் யாரும் இல்லை. முப்பத்தொரு பேரும் பதினான்கு மீட்டர் கிழக்கே, கயிறு இல்லாத மண்ணில் கிடக்கிறார்கள்.

இன்னைக்குக் கிழக்குப் பக்கம் ஆரம்பிக்கணும்.

அவள் அத்தானுக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். மெஷின் சத்தத்தில் எங்கே கேட்கும். ஆறு தடவை போட்டாள். நடுநடுவே தப்பாக இருக்காதா என்று வரைபடத்தை மூன்று தடவை அளந்தாள். தப்பாக இல்லை. போன தடவை தப்பாக அளந்தவள் இந்தத் தடவை சரியாக அளந்திருந்தாள்.

*

மேற்பார்வையாளரை அலுவலகத்தில் எல்லோரும் 'டேப் மேடம்' என்பார்கள். கழுத்தில் தாயத்து மாதிரி ஒரு அளவு நாடா எப்போதும் தொங்கும். காலையிலிருந்து ஒரு கூட்டத்தில் இருந்தவர் பன்னிரண்டு மணிக்குத்தான் அறைக்கு வந்தார். சின்னவள் படங்களையும் இரண்டு வரைபடங்களையும் மேசையில் பரப்பினாள். நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டவில்லை.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல மேடம். உங்ககிட்டதான் முதல்ல."

"இந்த வரைபடத்துல கீழே என்ன எழுதியிருக்கு, படி."

சின்னவள் படித்தாள். "நேரில் சென்று சரிபார்த்தேன்." அதன் கீழே டேப் மேடத்தின் கையெழுத்து.

"நான் வரலை. உனக்கே தெரியும்," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "அந்த வாரம் எனக்கு நாலு இடம். நாலுக்கும் ஒரே ஆளு. நீ கவனமா செய்வேன்னு நம்பிப் போட்டேன்."

"என் தப்புதான் மேடம். ஆனா இப்ப அங்க தோண்டிக்கிட்டிருக்காங்க."

"எந்த மூலையில தோண்டுறாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"என் அத்தான்தான் மேடம் தோண்டுறார்."

டேப் மேடம் கையை நீட்டினார்.

"உன் பயிற்சிப் படிவத்தைக் குடு."

சின்னவள் கொடுத்தாள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமலே எழுதினார். முந்நூறு மணி நேரம் நிறைவு. கையெழுத்து. முத்திரை. தேதி.

"மேடம், மணி பன்னிரண்டே கால்தான். எனக்கு இன்னும் ரெண்டே முக்கால் மணி நேரம் பாக்கி இருக்கு."

"போட்டாச்சு. கொண்டுபோய் காலேஜ்ல குடுத்துட்டு வீட்டுக்குப் போ. மத்ததை நான் திங்கட்கிழமை பாத்துக்கிறேன்."

"திங்கட்கிழமை அங்க பாக்க என்ன மேடம் இருக்கும்?"

டேப் மேடம் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். "பதினோரு வாரம் வேலையில்லாம இருந்தார்னு நீதானே சொன்னே, உன் அத்தான்? வேலையை நிறுத்தினா முதல்ல யாரை வீட்டுக்கு அனுப்புவாங்க? அதையும் கொஞ்சம் யோசி."

படிவத்தின் முத்திரை இன்னும் காயவில்லை. நான்கு மாதமாக அக்கா கதவில் கட்டம் போட்டு எண்ணிக்கொண்டிருந்த அந்த ஒரே கையெழுத்து. சின்னவள் அதை எடுத்துப் பையில் வைத்தாள்.

*

கல்லூரிக்குப் போகும் பேருந்து இந்தப் பக்கம் நிற்கும். தோட்டத்துக்குப் போகும் பேருந்து எதிர்ப்பக்கம். அவள் இந்தப் பக்கம்தான் நின்றாள். பேருந்து வந்தது, கதவு திறந்தது. ஓட்டுநர் அவளைப் பார்த்தார். "ஏறலையா?" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பிறகு ரோட்டைத் தாண்டினாள்.

நாற்பது நிமிடப் பயணத்தில் ஒன்பது முறை அத்தானுக்குப் போன் போட்டாள். பையில் கைவிட்டுக் களப் பெட்டியைத் தடவிப் பார்த்தாள். நாடா, பென்சில், அடியில் அந்த மஞ்சள் தாள் கட்டு. பணி நிறுத்தக் குறிப்பு. பயிற்சியின் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். கணக்கெடுப்பில் இருக்கும் யாராக இருந்தாலும், பயிற்சி மாணவியாக இருந்தாலும், மனித எலும்பைக் கண்டால் இதை எழுதி வேலை இடத்தின் பொறுப்பாளரிடம் கொடுக்கலாம். கொடுத்த நிமிடத்திலிருந்து மெஷின் நிற்க வேண்டும், ஒரு பிடி மண் வெளியே போகக்கூடாது. நான்கு மாதத்தில் அதில் ஒரு தாள்கூடக் கிழிக்கப்படவில்லை.

தோட்டத்து வாசலில் இறங்கியதும் அவளுக்கு முதலில் உறைத்தது, அங்கே சத்தமே இல்லை என்பதுதான்.

மெஷின் நின்றிருந்தது. பக்கெட் பாதி மண்ணோடு தரையில் கிடந்தது. அத்தான் சங்கிலிச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். கையில் தலைக்கவசம், தலைகீழாக. இடது பக்கம், பதினான்கு மீட்டர் தள்ளி, கயிறு கட்டிய புல்தரை அழகாக, யாரும் மிதிக்காமல், பச்சைப் பசேலென்று கிடந்தது.

"அத்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். காலையில் ரொட்டி தின்றுகொண்டே போன மனுஷன் இவர் இல்லை.

"ஒன்பது மணிக்கு முதல்ல வந்துச்சு," என்றார். "ஏதோ எலும்பு. நிறுத்திட்டு ஃபோர்மேனைக் கூப்பிட்டேன். நாய் எலும்புய்யா, அள்ளுன்னான். எனக்கு மனசு கேக்கலை. அவன் கயிறைக் காட்டினான். அங்க பாரு, உன் வீட்டுப் பொண்ணு அளந்து கட்டினதுதானே, இங்க ஒண்ணுமில்லன்னு அவளே எழுதிக் குடுத்திருக்கால்லன்னான்."

சின்னவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"அதுக்கப்புறம் எனக்குச் சந்தேகமே வரலை. நீ அளந்தா தப்பா இருக்குமா? அள்ளினேன். மூணு லாரி போயிடுச்சு."

"அத்தான், நான் தப்பா..."

"சாப்பாட்டு நேரம் முடிஞ்சு வந்து ஒரு பக்கெட் தூக்கினேன்." அவர் தலைக்கவசத்தை அவள் பக்கம் சாய்த்தார். உள்ளே ஒரு சின்னத் தோல் காலணியின் அடிப்பாகம். மக்கிப்போயிருந்தது. சுற்றிலும் ஆணி வரிசை மட்டும் அப்படியே இருந்தது. "நாய் செருப்பு போடுமா, கலெக்டரே?"

முதல் முறையாக அந்தப் பேரில் கிண்டல் இல்லை.

காலணிக்குப் பக்கத்தில் துருப்பிடித்த ஒரு வட்டத் தகடு கிடந்தது. அவள் அதை எடுத்துக் கட்டைவிரலால் துடைத்தாள். இருபத்திரண்டு.

"சலவை அறையில வேலை," என்றாள். "பேச மாட்டார்."

"யாரு?"

"இவர்."

அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் இரண்டு முறை குலுங்கி நின்றது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சிவப்பு முளை, வெள்ளைக் கல், டேப் மேடம், பையில் இருக்கிற படிவம். அத்தான் கேட்டார். கேட்டு முடித்து ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"கையெழுத்து ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"அப்ப எதுக்கு இங்க வந்தே? காலேஜுக்குப் போடி. உங்க அக்கா உயிரையே அதுல வச்சிருக்கா. இதை நான் பாத்துக்கிறேன்."

"மேடமும் இதையேதான் சொன்னாங்க," என்றாள் சின்னவள். மஞ்சள் தாளை எடுத்து மடியில் வைத்தாள்.

*

ஃபோர்மேன் கையில் தேநீர்க் கோப்பையோடு வந்தார். உயரமான மனுஷர். குனிந்து பேசுவது அவருக்குப் பிடிக்காது போலிருக்கிறது, நிமிர்ந்தபடியே பேசினார்.

"என்ன, குடும்பக் கூட்டமா? பத்து நிமிஷம்னு இறங்கினவன் அரை மணி நேரமா உக்காந்திருக்கே."

"இங்க பணியை நிறுத்தணும் சார்," என்றாள் சின்னவள். "இது இடுகாடு. நான் தப்பா அளந்துட்டேன்."

"நீ யாரும்மா நிறுத்த?"

"கணக்கெடுப்புல இருக்கிற யாரும் நிறுத்தலாம் சார். பயிற்சி மாணவியும் நிறுத்தலாம்."

ஃபோர்மேன் கோப்பையை மெஷின் மேல் வைத்தார். போனை எடுத்தார். அந்தப் பக்கம் பேசியது யார் என்று இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது. "ஆமா மேடம்... இங்கதான் நிக்குது... அப்படியா... சரி, சரி." வைத்தார். இப்போது கொஞ்சம் குனிந்தார்.

"உனக்குப் பயிற்சி மத்தியானமே முடிஞ்சுடுச்சாமே. கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சாம். நீ இப்ப அந்த ஆபீஸ் ஆளே இல்லன்னு சொல்றாங்க. வெளி ஆளு எழுதின காகிதத்தை நான் மூக்கு துடைக்கத்தான் வச்சுக்கணும்."

அத்தான் எழுந்தார். சின்னவள் அவர் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

டேப் மேடம் கடிகாரத்தைப் பார்க்காமல் ஏன் எழுதினார் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தக் கையெழுத்து இவளைக் கல்லூரிக்கு அனுப்பவில்லை. இந்த மண்ணிலிருந்து வெளியே அனுப்பியிருக்கிறது. படிவம் உண்மையாக இருக்கும்வரை மஞ்சள் தாளுக்கு மதிப்பு இல்லை.

பையைத் திறந்தாள். படிவத்தை எடுத்தாள். முத்திரை நன்றாகக் காய்ந்திருந்தது.

"வேண்டாம்," என்றார் அத்தான். மெதுவாகத்தான் சொன்னார். "சின்னவளே, வேண்டாம்டி."

நடுவில் மடித்து, மடிப்பின் வழியே கிழித்தாள். கிழித்ததை ஒன்றாக வைத்து இன்னொரு முறை கிழித்தாள். சத்தம் ஒன்றும் பெரிதாக வரவில்லை.

"நான் இன்னும் முடிக்கலை சார்," என்றாள்.

மஞ்சள் தாளில் எழுதினாள். இடம். தேதி. நேரம். கண்டது என்ன: மனித எலும்பு, காலணி, தகடு எண் இருபத்திரண்டு. காரணம் என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் பென்சில் நின்றது. பிறகு எழுதினாள்: என் அளவுத் தவறு. கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

ஃபோர்மேன் படித்தார். படித்துவிட்டுத் தன் சட்டைப் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மெஷின் மேல் வைத்தார்.

"காலையில தோண்டினதுல எதுவும் கிடைக்கலைன்னு மத்தியானம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கார், உன் அத்தான். பாரு. ரெண்டுல ஒண்ணு பொய். எதும்மா?"

சின்னவள் அத்தானைப் பார்த்தாள். அத்தான் அவளைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த தகட்டை வாங்கினார். அந்தத் தாளில் தன் கையெழுத்து இருந்த இடத்தில், கையெழுத்து மறையும்படி, அதை வைத்தார். மெஷின் சாவியை உருவி அதன் பக்கத்தில் வைத்தார்.

"அந்த மூணு லாரி மண்ணு எங்க போச்சு?" என்று கேட்டார்.

ஃபோர்மேன் வாசல் பக்கம் பார்த்தார். "ஏதோ ஒரு பள்ளிக்கூட மைதானம் நிரப்புறாங்க. எந்தப் பள்ளிக்கூடம்னு லாரிக்காரனுக்குத்தான் தெரியும்."

சின்னவளின் போன் அடித்தது. அக்கா.

"எங்கடி இருக்கே? அரை நாள் லீவு போட்டுட்டு நான் இப்பவே காலேஜ் கவுன்ட்டர்ல வந்து நிக்கிறேன். அந்த அம்மா ரொம்ப நல்லவங்க, உக்கார நாற்காலிகூட குடுத்திருக்காங்க. அந்த மனுஷன் போனை எடுக்கவே மாட்டேங்கிறார். நீயாவது சொல்லு, எல்லாம் முடிஞ்சுதா?"

காற்றில் படிவத்தின் ஒரு துண்டு நகர்ந்து, கயிறு கட்டிய வெறும் புல்தரைப் பக்கம் போனது.

"இல்லக்கா," என்றாள் சின்னவள். "இன்னும் ரெண்டே முக்கால் மணி நேரம் பாக்கி இருக்கு."